குழந்தையைத் தூக்கவே பயமாக இருக்கிறது: எனக்குள் ஒரு கொலைகாரன் இருக்கிறானா?

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஒன்றரை வயதில் ஒரு மகள். எட்டு மாதத்துக்கு முன்னால் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றபோது, "இவளைக் கீழே போட்டுவிட்டால்?" என்று ஒரு நினைப்பு வந்தது. உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து தினமும் வருகிறது, கத்தியைப் பார்த்தால்கூட வருகிறது. இப்போது சாமி கும்பிடும்போது முருகனைப் பற்றியே அசிங்கமான வார்த்தைகள் மனதில் ஓடுகின்றன. 21 முறை "ஓம் சரவணபவ" சொன்னால்தான் அடங்கும். எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. குழந்தையைத் தூக்குவதையே விட்டுவிட்டேன், "பிள்ளை மேல பாசமே இல்லையா" என்று மனைவி அழுகிறாள். அடுத்த மாதம் குலதெய்வம் கோயிலில் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். நான் போகலாமா? எனக்குள் ஒரு கொலைகாரன் இருக்கிறானா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. ஆனால் இந்த "இல்லை"யை இந்தப் பதிலில் ஒரே ஒரு முறைதான் சொல்வேன், மறுபடி சொல்ல மாட்டேன். ஏன் என்று போகப் போக உங்களுக்கே புரியும்.

நீங்கள் எழுதியிருப்பதை வாசித்தால் ஓசிடி என்கிற எண்ண சுழற்சி நோயின் முகம் அப்படியே தெரிகிறது. நேரில் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் முடிவு சொல்லக் கூடாது, அதனால் ஒரு மனநல மருத்துவரிடம் போய் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓசிடி என்றாலே நம் ஊரில் திரும்பத் திரும்பக் கை கழுவுகிறவர்கள், பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிறவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். வெளியே எதுவுமே தெரியாமல், தலைக்குள்ளேயே நடக்கும் ஓசிடி ஒன்று இருக்கிறது. பெற்ற பிள்ளையைக் கொன்றுவிடுவேனோ, சாமியைத் திட்டுகிறேனே, கூடப் பிறந்தவளைத் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று உள்ளுக்குள் நொறுங்குகிறவர்கள் இவர்கள். வெட்கத்தில் யாரிடமும் வாய் திறப்பதில்லை, அதனால் பல வருடம் கழித்துத்தான் சிகிச்சைக்கு வந்து சேர்கிறார்கள். நீங்கள் எட்டே மாதத்தில் எழுதிவிட்டீர்கள். அது பெரிய விஷயம், நிஜமாகவே.

இப்போது ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டு ராக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் சேர்ந்து, எந்த மனநோயும் இல்லாத 124 பேரிடம் "வேண்டாத, அருவருப்பான நினைப்புகள் உங்களுக்குத் திடீரென்று வருவதுண்டா?" என்று கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் ஆமாம் என்றார்கள். அவர்கள் சொன்ன நினைப்புகளையும் ஓசிடி நோயாளிகள் சொன்ன நினைப்புகளையும் கலந்துவைத்தால், எது யாருடையது என்று பிரிப்பது மனநலத் துறையில் இருப்பவர்களுக்கே சிரமமாக இருந்தது. ரயில் வரும்போது பிளாட்பார ஓரத்தில் நிற்பவரைத் தள்ளிவிட்டால், கிணற்றை எட்டிப் பார்க்கும்போது குதித்துவிட்டால், சாவு வீட்டில் சிரித்துவிட்டால்... இதெல்லாம் கிட்டத்தட்ட எல்லோர் மண்டையிலும் ஓடுகிற சரக்குதான். ஆபத்து எங்கெல்லாம் இருக்கலாம் என்று மூளை ஓயாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்கும், அதன் வேலையே அது. பெரும்பாலானவர்கள் "சீ, என்ன நினைப்பு இது" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

உங்களால் அப்படிப் போக முடியவில்லை. ஏன்? அந்த நினைப்பு வந்த உடனே அதற்கு நீங்கள் ஒரு அர்த்தம் கொடுத்தீர்கள்: "இப்படி ஒன்று தோன்றுகிறது என்றால் நான் எப்பேர்ப்பட்டவன்?" நினைத்ததே செய்ததற்குச் சமம் என்று மனம் கணக்குப் போடுகிறது. மனதாலும் பாவம் செய்யாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம், அதனால் இந்தக் கணக்கு நமக்கு ரொம்பச் சுலபமாகப் பிடிபட்டுவிடுகிறது. அதோடு ஓசிடி கண்ட இடத்தில் கை வைக்காது. எது உங்களுக்கு உயிரோ அங்கேதான் வைக்கும். மகளும் முருகனும் உங்களுக்கு அவ்வளவு முக்கியம், அதனால்தான் அந்த இரண்டு இடத்தில் வலிக்கிறது.

சரி, வந்த நினைப்பை ஏன் விரட்ட முடியவில்லை? குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, அதைக் கேட்ட பிறகு டம்ளரை எடுத்தாலே குரங்குதான் வந்து நிற்கும். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் இதையே சோதனையாகச் செய்து பார்த்தார், குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், மீறி நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட, அடக்கி வைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. ஒரு நினைப்பு வராமல் இருக்கிறதா என்று காவல் பார்க்க, மனம் அந்த நினைப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டுதான் காவல் பார்க்க வேண்டியிருக்கிறது. எட்டு மாதமாக நீங்கள் அந்தக் காவலில் நிற்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, நிம்மதி. நினைப்பு வருகிறது, நெஞ்சு படபடக்கிறது, குழந்தையை மனைவி கையில் கொடுத்துவிடுகிறீர்கள், படபடப்பு இறங்குகிறது. இதிலிருந்து மூளை என்ன கற்றுக்கொள்கிறது தெரியுமா? "நல்லவேளை கொடுத்துவிட்டான், அதனால்தான் பிள்ளை பிழைத்தது" என்று. கொடுக்காமலே இருந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று தெரிந்துகொள்ள அதற்கு ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. 21 முறை மந்திரம் சொல்வதும், கத்தியை ஒளித்து வைப்பதும், "நான் அப்படிச் செய்வேனா?" என்று உங்களையே கேட்டுக்கொள்வதும், ராத்திரி கூகுளில் தேடுவதும் எல்லாமே இந்த வேலையைத்தான் செய்கின்றன. முதலில் நான் சொன்ன "இல்லை"யும் அப்படித்தான், அதைப் படித்ததும் ஒரு நிமிடம் இதமாக இருந்திருக்கும், இதற்குள் "இவருக்கு என்னைப் பற்றி முழுசாக என்ன தெரியும்?" என்று அடுத்த சந்தேகம் வந்திருக்கும். அதனால்தான் மறுபடி சொல்ல மாட்டேன் என்றேன்.

சிகிச்சை இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், பயப்படும் விஷயத்தை நேருக்கு நேர் சந்திக்க வைத்து, அதன் பிறகு வழக்கமாகச் செய்யும் பரிகாரச் சடங்கைச் செய்யவிடாமல் தடுத்தால் என்ன ஆகும் என்று முயன்று பார்த்தார். அதுவரை ஓசிடி தீராத நோய் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அவர் முதலில் எழுதிய இரண்டு நோயாளிகளில் ஒருவர் தெய்வத்தைப் பற்றிய அசிங்கமான நினைப்புகளால் வதைபட்டவர். இருவரும் நன்றாகத் தேறினார்கள். இன்றைக்கும் ஓசிடிக்கு முதல் வரிசைப் பேச்சு சிகிச்சை இதன் வழி வந்ததுதான்.

உங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு தாளில் பயத்தை ஏணிப்படி மாதிரி எழுதுங்கள், எளிதானது கீழே, கடினமானது மேலே. மனைவி பக்கத்தில் இருக்கும்போது கூடத்தில் மகளை மடியில் வைத்துக்கொள்வது முதல் படியாக இருக்கலாம். அப்புறம் தனியாக மடியில், அப்புறம் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம், மாடிப்படி, அதே அறையில் நீங்கள் காய் நறுக்கும்போது அவள் விளையாடுவது, கடைசியில் மொட்டை மாடி, மனைவியோடு ஒரு நாள், தனியாக ஒரு நாள். ஒவ்வொரு படியிலும் நினைப்பு வரும், வரட்டும். விரட்டாதீர்கள், வாதம் பண்ணாதீர்கள், மந்திரம் எண்ணாதீர்கள், குழந்தையை இறக்கிவிடாதீர்கள். "இந்த நினைப்பு வந்திருக்கிறது, இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அவளோடு விளையாடுங்கள். படபடப்பு ஏறும், கொஞ்ச நேரத்தில் தானாகத் தணியும். தணியாத நாளிலும் அதை வைத்துக்கொண்டே இருக்க முடியும் என்று தெரியவரும், அந்தத் தெரிதல்தான் மருந்து. கீழ்ப் படிகளை நீங்களே இன்று தொடங்கலாம், மேல்படிகளை இதில் பயிற்சி பெற்ற உளவியலாளரோடு செய்யுங்கள். ஒரு படி தாண்டாமல் அடுத்ததுக்கு அவசரப்பட வேண்டாம்.

மந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பக்தி உள்ளவர்கள் மிரண்டு போகிறார்கள். சாமி கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. "ஓம் சரவணபவ" என்று முருகனுக்காகச் சொல்வது பக்தி, வந்த நினைப்பை அழிக்க எண்ணி எண்ணிச் சொல்வது ஓசிடி. வார்த்தை ஒன்றுதான், வேலை வேறு. காலையில் நீங்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லுங்கள், எண்ணாமல். நடுவில் அசிங்கமான வார்த்தை வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அவ்வளவுதான், ஆனால் முதல் ஒரு வாரம் கல்லைத் தூக்குவது போல இருக்கும்.

மாத்திரை வேண்டுமா? குழந்தையைத் தூக்குவதையே விட்டுவிடும் அளவுக்குப் போயிருப்பதால், மருத்துவர் தர வாய்ப்பு அதிகம். ஃப்ளூவாக்செடின், செர்ட்ராலின், ஃப்ளூவாக்சமின் போன்றவை ஓசிடிக்குத் தரப்படும் மருந்துகள். மனச்சோர்வுக்குத் தருவதைவிட இதற்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும், முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். இவை போதை மருந்து கிடையாது, ஆனால் தேறிய பிறகும் ஒரு வருடத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டியிருக்கும், நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். தூக்கத்துக்கு என்று மருந்துக்கடையில் அல்பிரஸோலம் கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், அதற்கு அடிமையாக முடியும், ஓசிடியையும் அது சரி பண்ணாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, புற நோயாளிச் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்கிற தேசிய மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் நடக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, இலவசம், தமிழிலும் பேசலாம். மருத்துவரிடம் "டென்ஷனாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், எனக்கு எழுதிய இதே வாக்கியங்களை அப்படியே சொல்லுங்கள், சொல்ல முடியாவிட்டால் தாளில் எழுதி நீட்டுங்கள். அவர் இதைப் பலமுறை கேட்டிருப்பார்.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள். பாசம் இல்லாமல் விலகவில்லை, பயந்து விலகினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும், எட்டு மாதமாக அவர் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு அழுகிறார். இந்தப் பதிலையே படிக்கக் கொடுங்கள். இனி நீங்கள் "நான் அப்படிச் செய்வேனா?" என்று கேட்டால் அவர் ஆறுதல் சொல்லக் கூடாது. "இது ஓசிடி கேட்கிற கேள்விங்க, நான் பதில் சொல்ல மாட்டேன், வாங்க பாப்பாவுக்குச் சோறு ஊட்டலாம்" என்று சொன்னால் போதும். கோபமில்லாமல் சொல்ல வேண்டும், அது அவருக்கும் சுலபமில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரசவமான முதல் சில வாரங்களில் ஒரு தாய்க்குத் தூக்கமே இல்லாமல், பேச்சு தடுமாறி, காதில் குரல் கேட்டு, "இது என் பிள்ளையே இல்லை", "பிள்ளைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது" என்று நம்பத் தொடங்கினால் அது ஓசிடி அல்ல. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற வேறு நோய், அவசர நோய், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், தாயையும் பிள்ளையையும் தனியே விடக் கூடாது. ஓசிடியில் இருப்பவர் அந்த நினைப்பைக் கண்டு அலறுகிறார், அந்த நோயில் இருப்பவர் அதை நம்புகிறார், வித்தியாசம் அங்கேதான். அப்புறம் உங்களுக்கு, இந்த வேதனையில் செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றினால் மருத்துவர் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே மனைவியிடம் சொல்லுங்கள், 14416க்கு எந்த நேரத்திலும் அழையுங்கள்.

கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் கீழ்ப் படிகள் இரண்டு மூன்றையாவது ஏறிவிடலாம். சன்னிதியில் அந்த வார்த்தை வரத்தான் செய்யும், கூட்டத்தில் நின்று எண்ண ஆரம்பிக்காமல், வெளியே ஓடாமல், எல்லோரையும் போல விபூதி வாங்கிக்கொண்டு வாருங்கள். காது குத்தும்போது அவள் எப்படியும் தாய்மாமன் மடியில்தான் உட்காருவாள், குத்தி முடித்ததும் வீறிட்டு அழுவாள், அப்போது கை நீட்டி நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.