தேவகோட்டை ஆச்சிக்கு: மகளின் கேள்விக்கு ஏற்ற படிப்பு

அன்புள்ள ஆச்சிக்கு,

மூத்த மகளின் நீட் மதிப்பெண் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் உறக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கலக்கம் நியாயமானது. ஆனால் பூர்வீக வீட்டுப் பங்கை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். இடம் வாங்கலாம் என்று அம்மான் சொல்லும் யோசனையை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அத்தகைய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக் கட்டணமே 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. யோசனை சொல்லும் உறவினர்கள் வட்டி கட்ட வர மாட்டார்கள். இளைய மகளின் படிப்புக்கும் ஒன்றும் மிஞ்சாது.

மூத்தவளுடைய நாட்டமும் வேறு திசையில் இருக்கிறது. ஐயா நிமோனியாவில் படுத்திருந்தபோது, "எல்லாரும்தான் கிருமியைச் சுவாசிக்கிறோம், ஐயாவுக்கு மட்டும் ஏன் வந்தது?" என்று அவள் மருத்துவரிடம் கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது, உடல் கிருமிகளை எதிர்க்கும் விதத்தை ஆராயும் நோயெதிர்ப்பியல் துறையின் அடிப்படைக் கேள்வி.

நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் இருந்து கிருமிகளை விழுங்கும் விழுங்கணுக்களும் அந்நுண்ணறைகளின் உட்சுவர்ச் செல்களும், பிறப்பிலேயே அமைந்த ஏற்பிகள் என்னும் உணர்புரதங்களைக் கொண்டு பாக்டீரியாவை அடையாளம் காண்கின்றன. இவற்றுள் ஒரு குடும்பமான டோல் வகை ஏற்பிகள் மனிதரிடம் 10 உண்டு. இரண்டாம் எண் ஏற்பி நிமோனியா தரும் பாக்டீரியாவான நியூமோகாக்கஸின் உறைக் கொழுப்புப் புரதங்களையும், நான்காம் எண் ஏற்பி கிளெப்சியெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்களின் வெளியுறை நச்சையும், ஐந்தாம் எண் ஏற்பி சில பாக்டீரியாக்கள் நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதத்தையும் உணர்கின்றன. நம் செல்லுக்குள் நுழைந்துவிட்ட பாக்டீரியச் செல்சுவர்த் துணுக்கை, நாட்-2 என்னும் வேறு வகை ஏற்பி கண்டுகொள்கிறது. உடனே எழும் சமிக்ஞை, நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்களை இரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு வரவழைக்கிறது. இச்சமிக்ஞையைக் கடத்தும் மைடி-88 என்னும் புரதம் பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகளை நியூமோகாக்கஸ் மீண்டும் மீண்டும் கடுமையாகத் தாக்குகிறது. அதே எதிர்வினை அளவு மீறினால் நுண்ணறைகளே சிதைந்துபோகும். எந்த அளவில் அதை நிறுத்துவது என்பது இன்னும் ஆராயப்படுகிறது. உங்கள் மகளுக்கு இடமிருப்பது அங்கேதான். ஈயிலும் எலியிலும் இவ்வேற்பிகளின் பணியைக் கண்டறிந்த ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பாய்ட்லர் மருத்துவம் பயின்றவர், ஹாஃப்மன் உயிரியலாளர்.

வழியைச் சொல்கிறேன். ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கு அவற்றின் தனி நுழைவுத் தேர்வை எழுதலாம். திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. இவ்வாண்டு அது தவறியிருந்தால், அருகிலுள்ள கல்லூரியில் நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ இளநிலையில் சேர்த்துவிட்டு, மூன்றாம் ஆண்டில், ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் முதுநிலை அறிவியல் படிப்புக்கான ஜாம் நுழைவுத் தேர்வுக்கு அணியமாக்குங்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே உயிரித் தொழில்நுட்ப முதுநிலை இருக்கிறது. அதன் பின் தேசிய தகுதித் தேர்வான நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது.

முனைவர் பட்டம் வரை ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆகும் என்பதையும், தொடக்க வருமானம் மருத்துவருக்கு இணையாக இராது என்பதையும் மறைக்க மாட்டேன். முதுநிலையோடு நிறுத்திக்கொண்டாலும் ஐதராபாத், புனே நகரங்களின் தடுப்பூசி நிறுவனங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பணிகள் உண்டு. ஆய்வகத்தில் பலமுறை தோற்கும் பொறுமை அவளுக்கு உண்டா என்பதை அவளிடமே கேளுங்கள். பெண்பிள்ளையை வெளியூர் விடுதிக்கு அனுப்புவதா என்று அப்பத்தா தயங்கினால், அந்தத் தயக்கத்தை அவளுடைய விண்ணப்பத்துக்குக் குறுக்கே நிற்க விடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அவளே எனக்கு அனுப்பட்டும். பாடத்தேர்வை நேரடியாக அவளிடமே பேசிக்கொள்கிறேன்.