வாசகர் கேள்வி பதில்: பாட்டி கட்டின பலகை வீடு

கேள்வி: வணக்கம் அக்கா. கோலாலம்பூர் செந்தூல்ல எங்க பாட்டி இருந்த பலகை வீடு இப்ப இல்ல, உடைச்சிட்டாங்க. மாமா குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பழைய போட்டோவ போட்டு 'அப்பா கட்டின வீடு'ன்னு எழுதினாரு. பாட்டிதானே மண்ணு சுமந்தாங்கன்னு அம்மா கேட்டதுக்கு, அது ஒத்தாசை, கட்டுறது வேறன்னுட்டாரு. பாட்டி கட்டினாங்கன்னு சொன்னா தப்பா?
- வாசகி, செந்தூல்

பதில்: தப்பே இல்லம்மா. மாமா கட்டுறதுன்னு சொல்றது தூண் நடுறதையும் தகரம் அடிக்கிறதையும் மட்டும்தான். தோட்டத்த விட்டு கோலாலம்பூருக்கு வந்து புறம்போக்குல குடிசை போட்டவங்க வீடெல்லாம் எப்படி எழும்புச்சுன்னு நான் பாத்து வளந்தவ, ஆம்பளைங்க நாலு நாள் லீவு போட்டு சட்டத்த நிறுத்திட்டு வேலைக்குப் போயிடுவாங்க, அதுக்கப்புறம் இருவது வருஷம் அந்த வீட்ட கட்டினது யாரு?

எங்கம்மா செம்மண்ண கூடையில சுமந்து கொட்டி, தண்ணி தெளிச்சு, கட்டையால அடிச்சு அடிச்சு தரை போட்டாங்க, அது காஞ்சதும் சாணி மெழுகினாங்க. பொட்டிப் பலகையில இருந்து புடுங்கின வளைஞ்ச ஆணிய கல்லு மேல வச்சு தட்டி நேராக்கி பால் டின்னுல சேத்து வப்பாங்க. மழை எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஒரு வருஷம் பாத்துட்டு அடுப்பங்கரைய மறுபக்கம் மாத்தினது அவங்க, வெள்ளம் உள்ள வராம வாய்க்கா வெட்டினதும் அவங்க. கூட்டு (சீட்டு) எடுத்த காசுல ஒவ்வொரு மூட்டையா சிமெண்டு வாங்கித்தான் தரை சிமெண்டு தரையாச்சு. இத ஒத்தாசைன்னா எனக்கு கோவம்தான் வரும்.

வீடுங்கறது பொருள் இல்ல, நடந்துக்கிட்டே இருக்குற வேலைன்னு ஜான் டர்னர்ங்கற கட்டடக்கலைஞர் 1972லயே எழுதினாரு, பெரு நாட்டுல ஜனங்க தானா கட்டிக்கிட்ட வீடுகள பாத்துட்டு. அப்புறம் 1980கள்ல கரோலின் மோசர் மாதிரி ஆராய்ச்சியாளருங்க வந்து, அந்த வேலைய செய்றதுல பொம்பளைங்க எவ்ளோ பேருன்னு யாரும் எண்ணலயேன்னு கேட்டாங்க. எண்ணாததால நஷ்டம் பேரோட நிக்கல. எங்க கம்பத்த, அதான் நாங்க குடிசை போட்டிருந்த குடியிருப்ப, காலி பண்ணப்ப ஒரு ஆபீஸ்ல 'குடும்பத் தலைவர்'னு அப்பா பேர எழுதினாங்க, பத்து வருஷ தண்ணி பில்ல கையில வச்சுக்கிட்டு நின்ன அம்மாவுக்கு 'மனைவி'ங்கற கட்டம்தான் கெடச்சுச்சு.

கேள்வி: பொம்பளைங்களே முழுசா வீடு கட்டுற எடம் எங்கயாவது இருக்கா, இல்ல சும்மா பேச்சுக்கா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இருக்கு தம்பி. கென்யா, தான்சானியாவுல மாசாய் ஜனங்க மத்தியில வீடு கட்டுறதே பொம்பளைங்க வேலை. குச்சிய நட்டு வளைச்சு, மண்ணும் சாணியும் கலந்து பூசி, ஒழுகினா அவங்களே அடைப்பாங்க. சாணி பூசுறது ஏதோ துடைக்கிற வேலைன்னு நாம நெனைக்கிறோமே, அங்க அதுதான் சுவரே, கூரையே.

பக்கத்துல நெகிரி செம்பிலான் இருக்கு பாருங்க, அங்க பரம்பரை நிலமும் வீடும் அடாட் பெர்பாத்தேங்கற தாய்வழி வழக்கப்படி அம்மாகிட்ட இருந்து மகளுக்குத்தான் போகும். மரத்தச் செதுக்குறது தச்சனா இருந்தாலும் வீடு யாருதுன்னு அங்க சண்டையே வராது.

மும்பை பைக்குலாவுல நடைபாதையில குடியிருந்த பொம்பளைங்க 1986ல மகிளா மிலன்னு ஒண்ணு சேந்து, சேமிச்சு, எங்களுக்கு இப்படித்தான் வீடு வேணும்னு முழு அளவுல மாதிரி செஞ்சு காட்டினாங்க. எங்க உக்காரணும், எங்க பாத்திரம் கழுவணும்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு யாருக்குத் தெரியும்?

கேள்வி: பினாங்குல 2009ல இடிச்ச கம்போங் புவா பாலா பக்கத்துல வளந்தவ நான். எங்க பெரியம்மாகிட்ட இதப் பத்தி எப்படி கேக்குறது? 'நான் என்ன பண்ணேன், சும்மா இருந்தேன்'னு சொல்லிடுறாங்க.
- வாசகி, கெலுகோர்

பதில்: வீட்ட கட்டுனீங்களான்னு கேக்காதீங்க, அவங்களும் மாமா மாதிரிதான் பதில் சொல்வாங்க. தண்ணி எங்க இருந்து தூக்குனீங்க, தரைக்கு மண்ணு எங்க வெட்டுனீங்க, ஒழுகுனா யாரு ஏறுனாங்கன்னு கேளுங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, அவங்க சொல்லச் சொல்ல ஒரு பேப்பர்ல வீட்ட வரைஞ்சு காட்டுங்க. தப்பா வரைஞ்சீங்கன்னா பேனாவ புடுங்கி அவங்களே திருத்துவாங்க.