வெள்ளத்தில் நனைந்த ஸ்கூட்டர் பேட்டரியை வீட்டுக்குள் வைத்து சார்ஜ் போடலாமா?

கேள்வி: முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கார்த்திகை மழையில் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியபோது மருமகளின் பேட்டரி ஸ்கூட்டர் ஓர் இரவு முழுக்க அதில் நின்றுவிட்டது. கால் வைக்கும் பலகைக்குக் கீழேதான் பேட்டரி. ஊர் மெக்கானிக் அதைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, இரண்டு செல் மாற்றி 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். வண்டி ஓடுகிறது. ஆனால் சார்ஜ் ஏறும்போது ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது. ஆளோடியில்தான் பிளக் இருப்பதால் இரவில் அங்கேயே போடுகிறோம், பக்கத்தில் நெல் மூட்டை. "இது எல்எஃப்பி பேட்டரி, தீப்பிடிக்கவே பிடிக்காது" என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள் ஐயா. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

பேட்டரி சூடாக இல்லை, புகை இல்லை, சீறும் சத்தம் இல்லை என்றால் வண்டியை அப்படியே தள்ளிக்கொண்டு போய் வீட்டை விட்டு ஐம்பது அடியாவது தள்ளி வெட்டவெளியில் நிறுத்துங்கள். கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர், மாட்டுக் கொட்டில், பக்கத்து வீட்டுக் கூரை எதுவும் அருகில் இருக்கக் கூடாது. மழை படாமல் மேலே ஒரு தகரம் சாய்த்து வைத்தால் போதும், தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். அப்புறம் அதற்கு மறுபடி சார்ஜ் போடவே கூடாது. "கடைத்தெரு வரைக்கும் போய்வர மட்டும் கொஞ்சம்" என்பதும் கூடாது. மருமகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வண்டிதான் ஓடுகிறதே என்பீர்கள். நனைந்த பேட்டரி விஷயத்தில் ஆளை ஏமாற்றுவதே அதுதான். உங்கள் பக்கம் அலையாத்திக் காடும் உப்பங்கழியும் இருக்கிற பூமி. அங்கே தேங்கும் தண்ணீரில் உப்பு இருக்க வாய்ப்பு அதிகம். வெயிலில் வைத்தால் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. அது செல்களுக்கு நடுவிலும், பிஎம்எஸ் என்கிற கட்டுப்பாட்டுப் பலகையில் தலைமுடி மாதிரி ஓடும் செம்புத் தடங்களிலும் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். மார்கழிப் பனி இறங்கும்போது அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி நனையும். நனைந்த உப்பு வழியே மின்சாரம் கசியும், செம்பு அரித்துப் பச்சையாகப் பூக்கும், எங்கோ ஓரிடத்தில் சூடு ஏறும். சரியாகக் காயாத வைக்கோலைப் போர் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்குமே, அந்த மாதிரிதான் இது. 2022-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்களில் சில, தண்ணீர் வடிந்து நாட்கள் கழித்து, வாரங்கள்கூடக் கழித்து, நின்ற இடத்திலேயே தீப்பிடித்தன. அதனால் இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்ற நிம்மதிக்கு இங்கே இடமில்லை.

பேட்டரிப் பெட்டியில் ஐபி67 என்று அச்சிட்டிருக்கலாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அதற்குப் பொருள், அதுவும் புதுப் பெட்டி, நல்ல தண்ணீர். உங்களுடையது ஓர் இரவு முழுக்க நின்றிருக்கிறது. மெக்கானிக் மூடியைத் திறந்த நிமிடமே அந்த அடைப்பும் போய்விட்டது. செல்போனை அரிசிப் பானையில் புதைக்கிற வைத்தியத்தை இதற்கும் சிலர் சொல்கிறார்கள். அரிசி உப்பை உறிஞ்சாது.

சரி, அந்த இரண்டு செல்லுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

நீங்கள் பேட்டரி என்று சொல்வது பல செல்களை வரிசையாகக் கோத்த ஒரு கட்டு. இவை லித்தியம் செல்கள். மெக்கானிக் சொன்ன எல்எஃப்பி அதில் ஒரு வகை, அதற்குப் பிறகு வருகிறேன். இன்னொரு வகை நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த என்எம்சி, அதில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டி ஏற்றினால் செல்லின் உள்கட்டமைப்பே குலைய ஆரம்பிக்கும். மாறாக, நனைந்து கசிந்து அடிமட்டத்துக்கு வடிந்துபோன செல் என்றால் உள்ளே செம்புத் தகடு கரைந்து கண்ட இடத்தில் படியும், அதற்கு மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். தண்ணீரில் நின்ற கட்டுக்குள் இரண்டு செல் செத்துவிட்டது என்றால் மற்றவை நன்றாக இருக்கின்றன என்று அர்த்தமில்லை, அவை இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான். புது செல்லையும் நனைந்த பழைய செல்லையும் ஒரே வரிசையில் கோத்தால் ஒன்று சீக்கிரம் நிரம்பும், ஒன்று பின்தங்கும், நலிந்ததுதான் சூடாகும். உங்கள் பேட்டரி ஒரு பக்கம் மட்டும் சுடுவதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம், இல்லையென்றால் இணைப்பு சரியாக ஒட்டாமல் இருக்கலாம். செல்லின் முனையில் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் (ஒரு கண நேர மின்னோட்டத்தில் பற்றவைப்பது) செய்ய வேண்டும். சால்டரிங் கம்பியை நேராகச் செல்லின் மேல் வைத்து ஈயம் உருக்கி ஒட்டினால் அந்தச் சூட்டிலேயே செல் பாதி கெட்டுவிடும். எது காரணமானாலும் முடிவு ஒன்றுதான்.

அந்தப் "புது" செல் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா? டெல்டாவில் சந்துக்குச் சந்து இந்த வியாபாரம் முளைத்துவிட்டது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்தும் கழித்துப் போட்ட வண்டிகளிலிருந்தும் உருவிய செல்லுக்கு நீலமாகவோ ரோஸ் நிறத்திலோ புதிய பிளாஸ்டிக் உறை சுருக்கிப் போட்டுப் பெட்டியில் அடுக்கிவிடுகிறார்கள். 18650 என்கிற விரல் கனத்து உருளையில் நல்ல கம்பெனி செல்லே 3,500 மில்லி ஆம்பியர் மணியைச் (எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) சுற்றித்தான் நிற்கும். 9,900 என்று அச்சடித்து விற்கிறார்கள்! அந்த அளவு உருளையில் அவ்வளவு அடைக்கிற வித்தை இன்று யாரிடமும் இல்லை. இடைத்தரகர் கிலோக் கணக்கில் வாங்கி வந்து கொடுக்கிறார், மெக்கானிக் கணக்குப் பார்க்காமல் கோக்கிறார், நீங்கள் அதை நெல் மூட்டைக்குப் பக்கத்தில் சொருகிவிட்டுத் தூங்குகிறீர்கள்.

இதைவிட மோசமான ஒன்று, "டைரக்ட்". ஏதோ ஒரு செல் கெட்டிருப்பதைப் பார்த்து பிஎம்எஸ் மின்சாரத்தை வெட்டும். அது அதன் வேலை. "பிஎம்எஸ் கட் ஆயிட்டே இருந்துச்சு சார், டைரக்ட் பண்ணிட்டேன்" என்று சொல்லி அதைச் சுற்றி ஒரு ஒயரைப் போட்டுவிடுவார்கள். வண்டி உடனே ஓடும், வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். வீட்டைக் காப்பாற்ற இருந்த ஒரே காவலையும் அவிழ்த்துவிட்டோம் என்று அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

சார்ஜரையும் பாருங்கள். முதலில் லெட் ஆசிட் பேட்டரியோடு வாங்கிய வண்டியில் பின்னாளில் லித்தியம் மாற்றி, "பழைய சார்ஜரே போதும், பின் பொருந்துது" என்று கொடுத்துவிடுவார்கள். 48 வோல்ட் லெட் ஆசிட் சார்ஜர் 59 வோல்ட் பக்கம் வரை ஏற்றும். 13 செல் கோத்த என்எம்சி கட்டு 54.6 வோல்ட்டில் நிற்க வேண்டும். மீதியை பிஎம்எஸ் தடுக்கும். அதையும் டைரக்ட் செய்திருந்தால்? செல்லுக்கு 4.5 வோல்ட். விடிய விடிய.

இனி எல்எஃப்பி. மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் ஆபத்து என்பதால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். எல்எஃப்பி என்பது இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகை. அதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கும், சூடானாலும் எளிதில் வெளியேறாது. என்எம்சி சூடானால் தன் ஆக்சிஜனைத் தானே அவிழ்த்துவிட்டு நெருப்புக்குத் துணை போகும். இந்த அளவில் எல்எஃப்பி மேல், சந்தேகமில்லை, என் வீட்டுக்கு வாங்கினாலும் அதைத்தான் வாங்குவேன். ஆனால் இரண்டிலும் உள்ளே ஊற்றியிருப்பது பற்றக்கூடிய திரவம்தான். எல்எஃப்பி செல் கெட்டுச் சீறும்போது வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் நிறைய இருக்கும். அது எரியாமல் மூடிய அறையில் சேர்ந்து நின்றால் ஒரு பொறி போதும், வெடிக்கும். ஆகவே "தீப்பிடிக்கவே பிடிக்காது" என்று எந்தப் பேட்டரிக்கும் உறுதி கொடுக்க முடியாது.

சரி, உங்களுடையது எல்எஃப்பிதானா? அதையும் ஸ்டிக்கரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பெட்டியில் எழுதும் பெயரளவு வோல்ட் (உச்சவரம்பு இல்லை) எல்எஃப்பி செல்லுக்கு 3.2, என்எம்சிக்கு 3.6 அல்லது 3.7. பதினாறு எல்எஃப்பி கோத்தால் 51.2, பதினான்கு என்எம்சி கோத்தால் 51.8. பதினைந்து எல்எஃப்பி 48, பதின்மூன்று என்எம்சி 48.1. முதலில் சொன்ன பதினாறு, பதினான்கு ஜோடியின் சார்ஜரில் உச்ச வோல்ட்டைப் பார்த்தால் ஒன்றில் 58.4, இன்னொன்றில் 58.8. எவ்வளவு நெருக்கம் பாருங்கள். உள்ளே எத்தனை வரிசை என்று எண்ணித்தான் சொல்ல முடியும், நீங்கள் திறந்து எண்ணப் போக வேண்டாம். அதைவிட முக்கியம், உள்ளே இருப்பது எல்எஃப்பியாகவே இருந்தாலும் மெக்கானிக் போட்ட இரண்டு செல்லும் எல்எஃப்பியா? கையில் கிடைத்த என்எம்சி செல்லை அதில் சொருகியிருந்தால், இரண்டு வகையின் வரம்பும் வேறு என்பதால், ஒன்று சாதாரணமாக நிரம்புவதற்குள் மற்றொன்று வரம்பைத் தாண்டிவிடும். எல்எஃப்பியின் பத்திரம் கம்பெனி கோத்தபடியே இருக்கும் கட்டுக்குத்தான், பிரித்துச் சேர்த்ததற்கு இல்லை.

அடுத்தது நீங்கள் சார்ஜ் போடும் இடம். நம் பக்கத்துப் பழைய வீடுகள் நீளவாக்கில் இருக்கும். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று ஒரே கோட்டில் போகும். இரவில் கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை எங்கோ மாட்டிவிடுவோம், வெளியேற வாசல் மட்டும்தான். அந்த வாசல் வழியில் வண்டியை நிறுத்தி சார்ஜ் போட்டுவிட்டு உள்ளே படுத்தால், தீ வந்தால் போகும் வழி அடைபடும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் பற்றியதில் ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். நெருப்புக்கு முன்னால் வருவது இந்தப் புகைதான், அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். நல்ல பேட்டரியாக இருந்தாலும் கொல்லையில் ஓட்டுச் சார்ப்பிலோ தகரச் சார்ப்பிலோ ஒரு பிளக் இழுத்து, விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு உடனே சொருகாமல் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். நெல் மூட்டை, சாக்கு, மண்ணெண்ணெய் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாசனை, சீறல், வெள்ளைப் புகை, இவற்றில் எது தெரிந்தாலும் எல்லாரையும் வெளியே கூப்பிட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு 101-க்குப் போன் போடுங்கள். மெயின் சுவிட்ச் வழியில் இருந்தால் அணையுங்கள், இல்லையென்றால் விடுங்கள். லித்தியம் என்றால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது இந்தப் பேட்டரிக்குப் பொருந்தாது, தண்ணீர்தான் இதைக் குளிரவைக்கும், நிறைய வேண்டும். ஆனால் அது தூரத்திலிருந்து குழாய் பிடிக்கிற தீயணைப்பு வீரர்களின் வேலை. குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள். அணைந்த பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றலாம்.

இந்தப் பேட்டரியை எங்கே ஒழிப்பது என்று அடுத்து கேட்பீர்கள். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. பழைய பேட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு என்று அதில் தெளிவாக இருக்கிறது. இருந்து என்ன? கடையில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்பார்கள், கம்பெனி போனில் சென்னைக்கு அனுப்பச் சொல்லும், சேதமான லித்தியம் பேட்டரியை கூரியரிலும் பஸ் பார்சலிலும் அனுப்புவதோ ஆபத்து. இரும்புக்கடைக்காரர் இன்வெர்ட்டரின் லெட் ஆசிட் பேட்டரி என்றால் ஈயத்துக்காகக் காசு கொடுத்து வாங்குவார், இதை வாங்கினால் சுத்தியலால் உடைப்பார், அங்கே ஒரு பையன் கையைச் சுட்டுக்கொள்வான். மழைக்கு மழை வெள்ளம் வரும் மாவட்டங்களில், தாலுகாவுக்கு ஒரு சேகரிப்பு இடம்கூட வைக்காமல் விதி மட்டும் போட்டு என்ன பயன்? 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் வண்டிக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். விற்ற பிறகு யார் பிரித்தார், உள்ளே எதைக் கோத்தார் என்று கேட்கவும் ஆளில்லை.

நீங்கள் செய்யக்கூடியது, விற்ற கடைக்கும் கம்பெனிக்கும் "வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரி, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மின்னஞ்சலாகவோ பதிவுத் தபாலாகவோ எழுத்தில் அனுப்புவது. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அவர்கள் வரும்வரை அது வெட்டவெளியிலேயே இருக்கட்டும். உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு "சார்ஜை இறக்கலாம்" என்று வீடியோவில் காட்டுவதைச் செய்யாதீர்கள், இவ்வளவு பெரிய பேட்டரிக் கட்டிலிருந்து விஷ வாயு கிளம்பும். மருந்து தெளிக்கும் பேட்டரி ஸ்பிரேயரும் அதே தண்ணீரில் நின்றிருந்தால் அதிலுள்ள பேட்டரி லித்தியமா என்று பாருங்கள், லித்தியம் என்றால் அதுவும் வெளியே.

புது பேட்டரி வாங்கும்போது பில்லில் மூன்று விஷயங்களைக் கடைக்காரர் கையால் எழுதி வாங்குங்கள்: செல் எந்த வகை, எத்தனை செல் வரிசை, சார்ஜரின் உச்ச வோல்ட் எவ்வளவு. அதே பெட்டியில் வந்த சார்ஜரை மட்டும் வாங்குங்கள், பழைய சார்ஜரை அன்றைக்கே ஒயரை வெட்டிப் போட்டுவிடுங்கள், மருமகள் அவசரத்தில் மாற்றிச் சொருகிவிடக் கூடாது. பில் தர மாட்டேன், ஜிஎஸ்டி இல்லாமல் ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.