மேசைக்குக் காய்ந்த பூ: வாங்குவதா, வீட்டிலேயே செய்வதா?

கேள்வி: வணக்கம் அக்கா. அடுத்த மாதக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். சுங்கை சிப்புட்டில் மண்டபம், 30 மேசை. மேசை நடுவில் காய்ந்த பூ அலங்காரம்தான் வேண்டுமாம். மாதிரிக்கு இணையத்தில் ஒன்று 45 வெள்ளிக்கு வாங்கினேன். படத்தில் குடம் மாதிரி தெரிந்தது, வந்தது டீ கிளாஸ் உயரம். பஞ்சுக் கதிர் மாதிரி இருக்கும் பம்பாஸ் புல்லில் கறுப்புப் புள்ளி வேறு. மீதி 29-க்கு முன்பணம் கட்டிவிட்டேன். விற்றவர் இப்போது பதிலே போடுவதில்லை. நானே செய்துவிடலாமா?

பதில்: செய்யலாம்மா. ஆனால் முதலில் காசைப் பார்ப்போம்.

வந்த பொருளைத் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்தில் அடிக்கோலை வைத்துப் படம் எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியாக வையுங்கள். அந்தப் புள்ளி பூஞ்சணம், மற்ற பூவுக்கும் தொற்றும். விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, இத்தனாம் தேதிக்குள் பணம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அசையவில்லையா, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளி, ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சாப்பிடும் காசு. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனுப் போட்டால் போதும், அதனால் கல்யாண வேலைக்கு நடுவே அலைய வேண்டாம்.

இனி பூ. பம்பாஸை மறந்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் காய்ந்தாலும் நிறம் அவ்வளவாக மங்காது. மல்லிகை பழுப்பாகிவிடும், ரோஜா கறுத்துப்போகும்.

பூக்கடையில் சொல்லும்போது ஒன்று கவனியுங்கள்: மாலைக்கு வரும் வாடாமல்லி காம்பில்லாமல் கிலோ கணக்கில் வரும். "நீளக் காம்போடு வேணும்" என்று முன்கூட்டியே கேளுங்கள். கிடைக்காவிட்டால் பச்சையாக இருக்கும்போதே மெல்லிய கம்பியைக் குத்திவிடுங்கள், காய்ந்த பிறகு குத்தினால் உதிரும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டுங்கள். காம்பு காயும்போது சுருங்கும், நூல் கட்டினால் நழுவி விழும். வெயில் படாத அறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு மின்விசிறியை ஓட விடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும். குசினிப் பக்கம் வேண்டாம், சமையல் ஆவி பூவுக்கு ஆகாது. காம்பு வளையாமல் டக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பிஸ்கட் டின்னில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். மேசையில் வைக்கும் முந்தின நாள் எடுத்தால் போதும்.

தோட்டத்து லாலாங் புல் வெள்ளை வெளேரென்று அழகுதான், காசும் இல்லை. ஆனால் மண்டபத்தின் பெரிய விசிறியைப் போட்டதும் அந்தப் பஞ்சு பறந்து இலையில் இருக்கும் சாம்பாரில் விழும். நான் பார்த்திருக்கிறேன். ஆசையாக இருந்தால் முழுசாக மலருமுன் வெட்டி, ஹேர் ஸ்ப்ரே அடியுங்கள். செம்பனை ஓரத்தில் களைக்கொல்லி அடித்த இடத்தில் கை வைக்காதீர்கள்.

பாத்திரத்துக்கு மைலோ டின் போதும். சாக்குத் துணி சுற்றி, பாதிக்கு மணல் போடுங்கள், இல்லாவிட்டால் விசிறிக் காற்றில் கவிழும். பூ குத்தும் ஸ்பாஞ்சில் நனைக்கும் வகையும் உண்டு, காய்ந்த பூவுக்கு என்று கேட்டு வாங்குங்கள். உயரம் ஒரு அடியைத் தாண்டினால் எதிரே இருப்பவர் முகம் தெரியாது.

மகள் மெழுகுவர்த்தி கேட்டால் பேட்டரி விளக்கு வாங்கிக் கொடுங்கள். ஹேர் ஸ்ப்ரே அடித்த காய்ந்த பூ ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும்.