பிரித்துப் பார்க்கும் முன் பேரம் பேசாதீர்கள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். 2019-ல் புதிதாக வாங்கிய சின்ன பெட்ரோல் கார், கடன் கட்டி முடித்தாயிற்று. கல்லிடைக்குறிச்சி தாண்டி வரும்போது மாடு குறுக்கே வர, ஒடித்துத் திருப்பி மரத்தில் மோதிவிட்டேன். தோள்வலியோடு தப்பித்தேன். ஏர்பேக் விரியவில்லை. இடது முன்பக்கம் முழுக்க நசுங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் 1,62,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 3,20,000, இதுவரை கிளைம் எதுவும் வாங்கியதில்லை. வண்ணார்பேட்டை ஷோரூம் ஒன்றில் இடித்த நிலையிலேயே 1,10,000-க்கு எடுத்துக்கொண்டு புது வண்டி தருகிறோம் என்கிறார்கள். “ராசி கெட்ட வண்டி மைனி, தள்ளிவிட்டிருங்க” என்கிறார் கொழுந்தனார். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பழைய வண்டியும் பார்த்து வைத்திருக்கிறார். எனக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறது. ரிப்பேர் செய்வதா, மாற்றிவிடுவதா? (பெயர் வேண்டாம்)

பதில்: டீச்சர், அந்த 1,62,000-ஐ இப்போதைக்கு நம்பாதீர்கள். வண்டியை வெளியே நின்று பார்த்துப் போட்ட கணக்கு அது. பம்பரையும் ஃபெண்டரையும் கழற்றி, ரேடியேட்டரை இறக்கிய பிறகுதான் அடி எதுவரை போயிருக்கிறது என்று தெரியும். அதன்பின் ஒர்க்‌ஷாப்காரர்கள் கூடுதல் எஸ்டிமேட் போடுவார்கள், இன்சூரன்ஸ் சர்வேயர் மறுபடி வந்து பார்ப்பார். நீங்கள் முடிவெடுக்க வேண்டியது அன்றைக்குத்தான். அதற்கு முன் பேசும் பேரத்தில், உங்கள் வண்டியைப் பற்றி உங்களைவிட எதிராளிக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்தைத் தெரிவித்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. தெரிவிக்கவில்லை என்றால் இதைப் படித்த கையோடு செய்துவிடுங்கள். தாமதத்தைக் காரணம் காட்டி இழுத்தடிப்பார்கள்.

பிரித்துப் போடும் நாளில் கொழுந்தனாரையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். பம்பருக்குப் பின்னால் குறுக்கே ஒரு சட்டம் இருக்கும். அது நசுங்கியிருந்தால் கவலையில்லை, அடியை வாங்கிக்கொள்ளத்தான் அதை வைத்திருக்கிறார்கள். போல்ட்டைக் கழற்றிப் புதிது மாட்டிவிடலாம். நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கும் பின்னால், இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் முன்பின்னாக ஓடும் பெட்டி வடிவச் சட்டத்தை. சேசிஸ் லெக் என்றோ லாங் மெம்பர் என்றோ சொல்வார்கள். இடது பக்கச் சட்டத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு நேராக ஓட வேண்டும். எங்காவது சேலைக் கொசுவம்போல் மடிந்து, அந்த இடத்தில் பெயிண்ட் செதில் செதிலாக விட்டிருந்தால் அடி உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியே இடது முன்கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். வலது கதவு மூடுவதுபோல் மூடுகிறதா, கொஞ்சம் தூக்கி மூட வேண்டியிருக்கிறதா? தூக்க வேண்டியிருந்தால் பில்லர், அதாவது கதவைத் தாங்கும் தூண் வரைக்கும் அசைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இனி பணக் கணக்கு. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்வதில் பயனில்லாத முழு நஷ்டம் என்று கணக்கு. உங்களுக்கு அந்த எல்லை 2,40,000. பிரித்த பிறகு எஸ்டிமேட் அதைத் தாண்டிவிட்டால், வண்டியை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் விட்டுவிட்டு ஐ.டி.வி.யை வாங்கிக்கொள்ளலாம். கிளைமில் நம் பங்காகப் பிடிக்கும் கட்டாயக் கழிவு 1,000 போக 3,19,000 வரும் (1500 சி.சி.க்கு மேல் என்றால் கழிவு 2,000). இதே வண்டியைத்தான் ஷோரூமில் 1,10,000-க்குக் கேட்கிறார்கள். பிரிக்காமல் விற்றால் இந்த வாய்ப்பு இருந்ததா இல்லையா என்றுகூட உங்களுக்குத் தெரியாமல் போகும். பிரீமியத்தில் ஐந்நூறு ரூபாய் குறையும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடச் சொல்லும் ஏஜெண்டுகள் நம் ஊரில் நிறைய. நீங்கள் அப்படிச் செய்யாதது நல்லதாகப் போயிற்று.

எஸ்டிமேட் இப்போது சொல்கிற தொகைக்குப் பக்கத்திலேயே நின்றால் என்ன ஆகும்? ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்பதால் முழுப் பணமும் வராது. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகங்களில் 40 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50. கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. பெயிண்டிங் செலவில் கால் பங்கை மெட்டீரியல் என்று கணக்கிட்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். பம்பர் டு பம்பர் பாலிசி போட்டிருந்தால் இந்தத் தேய்மானக் கழிவு வராது. ஆனால் இந்த வயது வண்டிக்கு அதைத் தரும் கம்பெனிகள் குறைவு, உங்களிடம் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். பேச்சுக்கு இப்படிப் பிரிப்போம்: இரும்பு 60,000, பிளாஸ்டிக் 40,000, கண்ணாடி 8,000, பெயிண்டிங் 24,000, லேபர் 30,000. கழிவு 24,000, 20,000, 3,000, அதோடு கட்டாயக் கழிவு 1,000. உங்கள் கையிலிருந்து 48,000, கூலன்ட், ஆயில் என்று கொஞ்சம் சில்லறை. கம்பெனி தருவது 1,14,000. சரிசெய்த வண்டியை, அடிபட்டது என்பதை மறைக்காமல் விற்றாலும் 2,60,000 தேறும் என்று வைத்தால், செலவு போக 2,10,000-க்கு மேல் நிற்கும். ஷோரூம் சொன்னதைவிட ஒரு லட்சம் அதிகம். அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கிட்டத்தட்ட முழுக்க இன்சூரன்ஸ் பணம்தான். வழக்கமாக அது ரிப்பேர் பில்லுக்குத்தான் வரும். இடித்தபடியே விற்கிறவர் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்.

கொழுந்தனார் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கிளைம் வாங்கினால் கிளைம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் உங்கள் என்.சி.பி. தள்ளுபடி 50 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்துவிடும். கிளைம் இல்லாமல் வண்டியை விற்றால் அந்தத் தள்ளுபடியைப் புது வண்டிக்குக் கொண்டுபோகலாம், அது வண்டியோடு போவதில்லை. புது வண்டியின் பிரீமியத்தில் சில ஆயிரங்கள் மிச்சமாகும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் புது வண்டி விலை இறங்கியிருப்பதும் உண்மை. புதிதின் விலை இறங்கினால் பழையதின் விலையும் கூடவே இறங்கும். அதனால் என்னுடைய 2,60,000 சற்று மேலே கீழே போகலாம். எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு லட்சத்துக்கு ஈடாகாது.

குழப்பம் நடுவில்தான். சேசிஸ் லெக் மடிந்திருக்கிறது, எஸ்டிமேட் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது, ஆனால் 2,40,000-ஐத் தொடவில்லை என்று வையுங்கள். உங்கள் பங்கு எழுபதாயிரம் ஆகும். வாங்க வருகிறவரும் சேசிஸ் வேலை என்றதும் விலையை இறக்குவார். இந்த ஒரு நிலையில் மட்டும் நான் கொழுந்தனார் கட்சி. இடித்தபடியே கொடுத்துவிடலாம். அப்போதும் ஒரே ஷோரூமில் பேசி முடிக்காதீர்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ், புது வண்டித் தள்ளுபடி, பழைய வண்டி விலை மூன்றையும் ஒன்றாகக் குழைத்து ஒரு தொகை சொல்வார்கள். பழைய வண்டிக்கு மட்டும் என்ன விலை என்று தனியாக எழுதி வாங்குங்கள்.

“எல்லாத் தலைவலியையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இங்கே கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்று பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ வெற்றாக நீட்டுவார்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் வண்டி உங்களுடையது. நாளைக்கு யாரோ ஓட்டி யார் மேலோ மோதினாலும் நஷ்டஈட்டு வழக்கில் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பதிவு பெற்ற டீலர் என்றால், வண்டி தன் கைக்கு வந்ததை ஆர்.டி.ஓ.வுக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. அந்த ஒப்புகையைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ரிப்பேர்தான் என்று முடிவானால், வெளித்தகட்டு வேலையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நம் பேட்டை டிங்கர்கள்கூட ஃபெண்டரைக் கண்ணாடிபோல் ஆக்கிவிடுவார்கள். வண்டியை எடுக்கும் முன் வீல் அலைன்மென்ட் பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். சின்ன கார்கள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும்தான் திருகி வைக்க முடியும். காஸ்டர், கேம்பர் என்ற சாய்வுக் கோணங்களின் எண்கள் இடதுக்கும் வலதுக்கும் ஒத்துப்போகாமல் சிவப்பில் நின்றால் உள்ளே ஏதோ வளைந்தபடியே இருக்கிறது, டெலிவரி எடுக்காதீர்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். பிறகு ஆளில்லாத நேரத்தில் நாங்குநேரி பக்கம் நாலுவழிச் சாலையில் ஒர்க்‌ஷாப் ஆளையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் திரும்ப உள்ளே விட்டுவிடுங்கள்.

ஸ்ரீவைகுண்டத்து வண்டி விஷயத்தில் நான் மிகவும் பயப்படுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஊர் எப்படி மூழ்கிக் கிடந்தது, ரயிலே நின்றுபோனது என்பதை நாம் மறக்கவில்லை. அந்தப் பக்கத்து வண்டி எல்லாமே தண்ணீரில் நின்றது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பார்க்காமல் வாங்கக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, வண்டல் கறை அங்கே இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியிலும் பாருங்கள்.

கை நடுக்கத்துக்கு வருகிறேன். இவ்வளவு பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு அது இருக்கத்தான் செய்யும். அதற்காக வண்டியை மாற்றினால், புது வண்டியிலும் அதே கல்லிடைக்குறிச்சி ரோட்டில்தான் போக வேண்டும், அதே மாடுகள்தான் குறுக்கே வரும். ஒரு மாதம் பஸ்ஸில் போங்கள். தோளை ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நடுக்கம் குறையவில்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போவதில் கூச்சம் வேண்டாம். ராசி விஷயத்தில் கொழுந்தனாரோடு வாதாட வேண்டியதில்லை. சரிசெய்து வந்த வண்டியைப் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொல்லுங்கள், நாற்பது ரூபாயில் முடிந்துவிடும். சரிசெய்த பிறகும் அந்த வண்டியில் ஏறவே பிடிக்கவில்லை என்றால் அப்போது மாற்றுங்கள். அதுவும் சரியான காரணம்தான், அதற்குள் விலையும் உங்கள் பக்கம் வந்திருக்கும்.

இன்னொன்று. கடன் முடிந்தது என்கிறீர்கள், ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்கிவிட்டீர்களா? பலர் அதை அப்படியே விட்டுவைத்திருப்பார்கள். டோட்டல் லாஸ் என்றால் பணம் வங்கிக்குப் போய் நிற்கும், விற்பது என்றால் பெயர் மாற்றம் நடக்காது. வங்கியில் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி, பெயர் நீக்கத்துக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். முன்பு வாங்கிய என்.ஓ.சி. நாள்பட்டிருந்தால் புதிதாகக் கேட்பார்கள், அதற்கும் சேர்த்து ஒரு நாள் லீவு போடுங்கள்.