வெல்ஸின் சிறுகதைகளுக்கும் நாவல்களுக்கும் எங்கே முடிச்சு?

கேள்வி: எச்.ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலை முடித்த கையோடு 'தி கிரிஸ்டல் எக்' சிறுகதையைப் படித்தேன். இரண்டிலும் செவ்வாய்வாசிகள் வருகிறார்கள். சிறுகதை நாவலுக்கு முன்கதையா? மற்ற நாவல்களுக்கும் இப்படித் துணைக்கதைகள் உண்டா? எதை முதலில் படிக்கலாம், எந்தப் பதிப்பை வாங்கலாம்?

பதில்: முன்கதை என்று வைத்துக்கொண்டு படித்தால் சில இடங்களில் இடிக்கும். நாவல் 1897 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை 'பியர்சன்ஸ் மேகசின்' இதழில் தொடராக ஓடியது. நடுவே, மே மாதம், 'நியூ ரெவ்யூ' இதழில் இந்தச் சிறுகதை வெளியானது. ஒரே நேரத்தில் ஒரே மேசையில் கிடந்த சரக்கு என்பதால் ஒன்றின் வாசம் மற்றொன்றில் அடிக்கிறது.

ஒட்டும் இடத்தை முதலில் பாருங்கள். சிறுகதையில், லண்டன் செவன் டயல்ஸ் பக்கம் பழம்பொருள் கடை வைத்திருக்கும் கேவ், முட்டை வடிவப் படிகத்துக்குள் செவ்வாயைப் பார்க்கிறார். ஒளி விழும் திசைக்கு ஏறக்குறைய 137 பாகை கோணத்தில் பார்த்தால்தான் காட்சி நன்றாகத் தெரியும் என்று வெல்ஸ் கணக்குச் சொல்கிறார். அந்தக் காட்சியில், வெளுத்து, பாதி ஒளி ஊடுருவும் உடலோடு, குரங்குச் சாயலில் இரண்டு கால் பிராணிகள் மேய்கின்றன. உருண்டைத் தலைச் செவ்வாய்வாசி ஒன்று அதில் ஒன்றைத் துரத்தித் தன் உணர்கொம்புகளால் பிடிக்கிறது. உடனே படிகம் இருண்டுவிடுகிறது. பிடித்து என்ன செய்தது என்று சிறுகதை சொல்லவில்லை.

நாவல் சொல்கிறது. இரண்டாம் பாகம், இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்புங்கள். செவ்வாயிலிருந்து வந்த ஒவ்வொரு உருளையிலும் வழியுணவாக இரண்டு மூன்று பிராணிகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஆறடி உயரம், இரண்டு கால், சிலிக்காவால் ஆன நொய்ந்த எலும்பு. பூமியை எட்டுமுன் எல்லாவற்றையும் கொன்று இரத்தத்தை ஏற்றிக்கொண்டாயிற்று. சிறுகதையின் அந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பத்தியைப் படித்தால் வயிற்றைப் பிசையும்.

இடிப்பது இறக்கையில். படிகத்தில் தெரியும் செவ்வாய்வாசிகளில் பலருக்கு வெள்ளிபோல் மின்னும் இறக்கைகள் உண்டு. நாவலில் வருபவர்களுக்கு இறக்கை கிடையாது. நான்கடி விட்டமுள்ள உருண்டை உடல், இரண்டு கொத்துகளாகப் பதினாறு உணர்கொம்புகள், அவ்வளவுதான். நம்மை நெருக்கத்தில் பார்க்கத்தான் அந்த முட்டையை அங்கிருந்து அனுப்பியிருக்க வேண்டும் என்று சிறுகதையில் ஓர் ஊகம் வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டு 'படையெடுப்புக்கு முந்தைய வேவு' என்று பல வாசகர்கள் சொல்வதுண்டு. அழகான யோசனைதான். ஆனால் நாவலில் படிக முட்டை பற்றி ஒரு சொல் இல்லை. 1897 டிசம்பரில் வந்த 'தி ஸ்டார்' கதையையும் கூடச் சேர்த்தால் கணக்கு முற்றிலும் உதைக்கும். அதில் ஒரு விண்பொருள் பூமியை உரசிப்போய் உலகமே கடலிலும் நெருப்பிலும் சிக்கிச் சின்னாபின்னமாகிறது. செவ்வாயின் வானியலாளர்களோ தொலைவிலிருந்து பார்த்து, துருவங்களின் வெள்ளை சற்றே சுருங்கியதைத் தவிரப் பெரிய சேதமில்லை என்று குறித்துக்கொள்கிறார்கள். படையெடுக்கிற ஆட்களாக இவர்கள் தெரியவில்லை. இக்காலத்துத் தொடர்களைப் போல ஒரே பிரபஞ்சம் கட்டும் எண்ணம் வெல்ஸுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தேவைப்பட்டபோது தேவையான செவ்வாயைச் செய்துகொண்டார்.

உண்மையிலேயே ஒரே உலகம் வேண்டுமென்றால் 'எ ஸ்டோரி ஆஃப் தி டேஸ் டு கம்' என்ற நெடுங்கதையையும் 'வென் தி ஸ்லீப்பர் வேக்ஸ்' நாவலையும் எடுங்கள். இரண்டும் 1899. இரண்டிலும் 22ஆம் நூற்றாண்டு லண்டன். கூரை போட்ட ராட்சத நகரம், நகரும் பாதைகள், ஈடமைட் என்ற பொருளால் போட்ட சாலைகள், கதியற்றவர்களுக்கு நீலக் கித்தான் உடுப்பு மாட்டி வேலை வாங்கும் 'லேபர் கம்பெனி'. நாவல் இந்த நகரத்தை உச்சியிலிருந்து பார்க்கிறது: 203 ஆண்டுகள் தூங்கி எழுந்த கிரகாம், தான் உலகத்துக்கே சொந்தக்காரனாகிவிட்டதை அறிகிறான். நெடுங்கதை கீழிருந்து பார்க்கிறது: காதலித்து மணந்து, கையில் காசு தீர்ந்து, அந்த நீல உடுப்புக்குள் விழும் டென்டனும் எலிசபெத்தும். கிரகாம் இதில் வருவதே இல்லை. நெடுங்கதையை முதலில் படியுங்கள். நாவலில் வரும் நீல உடைக் கூட்டம் அப்போதுதான் வெறும் கூட்டமாகத் தெரியாது. பிறகு 1901இல் வந்த 'எ ட்ரீம் ஆஃப் ஆர்மகெடான்'; நாவலில் காதில் விழும் 'இன்ப நகரங்கள்' போன்ற ஒன்று இதில் காப்ரி தீவில் கண்முன் நிற்கிறது.

மூன்றாவது வகை, நாவலுக்குள் கரைந்துபோன முன்வரைவுகள். 'தி டைம் மெஷின்' நாவலின் வேர், 1888இல் ஒரு மாணவர் இதழில் மூன்று பகுதிகள் வந்து நின்றுபோன 'தி க்ரானிக் ஆர்கோநாட்ஸ்'. கதையாக அது சுமார்தான். நாவலைப் படித்தபின் ஒப்பிட மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'டாக்டர் மோரோ' நாவலில் மோரோ, விலங்குகளை மனிதராக்க முயலும் தன் அறுவைச் சிகிச்சைக்கு நியாயம் சொல்லும் அத்தியாயம், 1895 ஜனவரியில் வெல்ஸ் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பெருமளவு அப்படியே இறங்கியது. செவ்வாய்வாசிகளின் பெரிய தலையும் வற்றிய உடலும் 1893இல் 'பால் மால் கெஸட்' இதழில் அவர் எழுதிய 'பத்து லட்சமாவது ஆண்டின் மனிதன்' கட்டுரையின் வார்ப்பு. நான் மேலே சொன்ன அதே அத்தியாயத்தில், 'அறிவியல் மாதிரி எழுதும் ஓர் ஊக எழுத்தாளர்' என்று தன்னையே பெயர் சொல்லாமல் கிண்டலடிக்கிறார். சுருக்கப் பதிப்பில் இந்த நகைச்சுவையைத் தேடாதீர்கள்.

இனி வாங்குவது. 'டேல்ஸ் ஆஃப் ஸ்பேஸ் அண்ட் டைம்' (1899) தொகுப்பில் மொத்தம் ஐந்தே கதைகள். படிக முட்டை, நட்சத்திரம், டென்டன் கதை மூன்றும் அதிலேயே இருக்கின்றன. ஆர்மகெடான் கனவுக்கு மட்டும் 1903இன் 'ட்வெல்வ் ஸ்டோரிஸ் அண்ட் எ ட்ரீம்' வேண்டும். தூங்கியவன் கதையில் கவனம்: அட்டையில் 'தி ஸ்லீப்பர் அவேக்ஸ்' என்றிருந்தால் அது 1910இல் வெல்ஸ் வெட்டித் திருத்திய வடிவம். காதல் பகுதி குறைந்திருக்கும், முடிவும் மாறியிருக்கும். நெடுங்கதையோடு ஒப்பிட 1899 வடிவமே சரி.

'தி டைம் மெஷின்' புத்தகத்தைக் கடையிலேயே முதல் பக்கம் திறந்து பாருங்கள். காலப் பயணியை 'இப்படி அழைப்பது வசதி' என்று அடைப்புக்குறிக்குள் சொல்லித் தொடங்கினால் அது 1895இன் லண்டன் ஹைன்மான் பதிப்பின் வழி வந்தது, அதையே வாங்குங்கள். அதே ஆண்டு நியூயார்க்கில் ஹோல்ட் வெளியிட்ட வடிவம் வேறு விதமாகத் தொடங்கும். இதழ்த் தொடரில் இருந்து புத்தகத்தில் விடுபட்ட ஒரு பகுதியும் உண்டு: மனித இனம் தேய்ந்து சாம்பல் நிறச் சிறு பிராணிகளாகிவிட்டதோ என்று பயணி சந்தேகப்படும்போது, பிரம்மாண்டமான பூரான் ஒன்று வந்து நிற்கும். பின்னிணைப்பில் அது இருக்கிறதா என்று பொருளடக்கத்தில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.