லைன் அழுத்தம் ஏறி இறங்கினால் பம்ப் என்ன செய்யும்?

கேள்வி: தொட்டித் தண்ணீரை சென்ட்ரிஃபியூகல் பம்ப் மூலம் ஒரு பொது லைனுக்குள் ஏற்றுகிறோம். லைன் அழுத்தம் 2 முதல் 5 பார் வரை மாறுகிறது. எப்போதும் மணிக்கு 30 கனமீட்டர் போக வேண்டும். அழுத்தம் இறங்கினால் மோட்டார் ட்ரிப் ஆகிறது. ஏறினால் தண்ணீரே போவதில்லை. டெலிவரியில் (பம்ப் தள்ளும் பக்கம்) பிரஷர் சென்சார் வைத்து வி.எஃப்.டி.யை (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) இயக்கலாமா?

பதில்: பிரஷர் சென்சார் இங்கே உதவாது. அதை 4 பாரில் செட் செய்தால், லைன் 5 பாருக்கு ஏறும்போது ஓட்டம் நின்றுவிடும். 2 பாருக்கு இறங்கினால் அளவுக்கு மீறிப் பாயும். உங்களுக்கு மாறாமல் இருக்க வேண்டியது ஓட்டம். ஃப்ளோ மீட்டர் வைத்து அதன் சிக்னலை வி.எஃப்.டி.க்குக் கொடுங்கள்.

அதற்கு முன் பம்ப்பின் கர்வைப் பாருங்கள், அதாவது எந்த ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் தரும் என்ற வரைபடத்தை. ஹெட் என்பது அழுத்தத்துக்கு ஈடான தண்ணீர் உயரம்; 5 பார் என்றால் 51 மீட்டர் ஹெட். குழாய் உராய்வுக்கு 4 மீட்டர் என்று வைத்தால், 55 மீட்டரில் 30 கனமீட்டர் தரும் பம்ப் வேண்டும். தண்ணீரே போகவில்லை என்கிறீர்களே, என் முதல் சந்தேகம் இதில்தான். பம்ப்பால் முடியாததை எந்த டிரைவாலும் தர முடியாது.

வி.எஃப்.டி.யில் பலரும் கோட்டைவிடுவது குறைந்தபட்ச வேகத்தில். வேகம் குறைந்தால் ஹெட் வேகத்தின் வர்க்க விகிதத்தில் விழும். வால்வு மூடிய நிலையில் 50 ஹெர்ட்ஸில் 70 மீட்டர் தரும் பம்ப், 43 ஹெர்ட்ஸுக்குக் கீழே 51 மீட்டரைத் தொடாது. அந்த நேரம் லைனில் 5 பார் இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) மூடிக்கொள்ளும். இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழலும் சக்கரம்) உள்ளிருக்கும் தண்ணீரையே கலக்கிச் சூடாக்கும். சுழலும் தண்டு வழியே கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் போய்விடும். எனவே ஓட்டம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் ஒரு ட்ரிப், அல்லது தொட்டிக்கே திரும்பும் பை-பாஸ் அவசியம். பை-பாஸை சக்‌ஷன் குழாயில் (பம்ப் உறிஞ்சும் பக்கம்) இணைக்காதீர்கள், சூடு அங்கேயே சுற்றும்.

கேள்வி: வி.எஃப்.டி. இல்லாமல் வால்வு மட்டும் போதாதா?

பதில்: போதும். ஃப்ளோ மீட்டர் சொல்கிறபடி டெலிவரி கன்ட்ரோல் வால்வு திறந்து மூடட்டும். வால்வுக்கென்று 7 மீட்டர் ஒதுக்கி, 62 மீட்டர் பம்ப்பாக எடுங்கள். லைன் 2 பாரில் இருக்கும்போது அந்த வால்வு ஏறத்தாழ 38 மீட்டரை விழுங்கும். 30 கனமீட்டர் ஓட்டத்தில் சுமார் 3 கிலோவாட் வீண். நாள் முழுக்க லைன் தாழ்ந்தே கிடந்தால் வி.எஃப்.டி.தான் லாபம். சக்‌ஷன் வால்வை மட்டும் திருகிக் குறைக்காதீர்கள். கேவிடேஷன் (தண்ணீரில் ஆவிக் குமிழ்கள் உருவாகி உடைவது) வந்து, ஜல்லி உருளும் சத்தத்தோடு இம்பெல்லர் அரிக்கப்படும்.